பட்டினி கிடக்க வேண்டிய கிடேரி

மாட்டு வைத்தியத்தில் உதைப்பது நோயாளி, அழுவது கூட வந்தவர். இரண்டையும் வாங்கிக்கொள்கிற சக கஷ்டஜீவிகளுக்கு இது புரியும்.

அலகு

கே.ஜி.கண்டிகை கிராமத்து வசந்தாவின் பசுவை முள்கம்பி விலாவில் கிழித்திருந்தது. அதன் முதுகில் அக்குபங்சர் ஊசிகளைச் செருகி, ஒயர் மாட்டி, லேசாக மின்சாரம் விட்டேன். மரத்துப்போனதும் தையல் போட்டேன். மயக்க மருந்தே கிடையாது. பசு நின்றபடி புல் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடிக் கிருத்திகைக்கு நம்ம ஜனங்க அலகு குத்திகினு மலையேறுதே, அந்த மாதிரியே நின்னுகினு கீது சார்."

தொப்புள்

அந்தப் பசு ஈன்ற கிடேரிக்குத் தொப்புளில் குடல் இறங்கியிருந்தது. மல்லாக்கப் போட்டு அறுக்க வேண்டும். ஊசி மட்டும் போதாது, மயக்க மருந்தும் வேண்டும். முந்தின நாளிலிருந்தே தீவனம் கூடாது, மயக்கத்தில் தின்றது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிர் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தாய்ப்பசு தின்றுகொண்டே தையல் போட்டுக்கொண்டதை நேரில் பார்த்தவர் வசந்தா. அவருக்கு மனசு ஒப்பவில்லை. "வாயில்லா ஜீவனைப் போய் எப்படி சார் பட்டினி போடறது?"

திருநீறு

மறுநாள் காலை கிடேரியை ஓட்டிவந்தவர் அவர் கணவர் கோவிந்தன். அது ஒன்றும் தின்னவில்லை என்றார். அவர் அறிந்தது அவ்வளவுதான். மருந்து ஏறி, கிடேரி கண் சொருகிப் படுத்தது. புரட்டிப் போட்டு ஊசிகளைச் செருகுவதற்குள் மூக்கு வழியாகத் தவிடும் தண்ணீரும் கொட்டின. தலையைத் தாழ்த்தி, வாய்க்குள் கைவிட்டு வழித்து, நெஞ்சை அமுக்கி, என்னென்னவோ செய்து பார்த்தேன். கத்தி வைக்கும் முன்பே போய்விட்டது.

திருத்தணி மலைக் கோயிலிலிருந்து நேரே வந்த வசந்தா, மடித்துக் கொண்டுவந்த திருநீற்றை அதன் நெற்றியில் பூசினார். எனக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கூடவே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. வசந்தாதான் பேசினார்: "ராவெல்லாம் கத்திகினே இருந்துச்சு சார், மனசு கேக்கல. விடியக்காலையில தவிடு கரைச்சு வெச்சிட்டு, அதுக்குப் பதிலா நான் பட்டினி இருந்துகினு படியேறிட்டு வரேன்."

மாட்டைப் பட்டினி போடச் சொல்லும்போதே, மாட்டுக்காரர்களை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லிக் கெஞ்சுகிற டாக்டர் இந்தத் திருத்தணி வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.