வயிற்றுக்கு வந்தவரின் கால்

இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவருக்கு, முகத்தைப் பார்த்தே கள்ளம் தெரியும் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாராவது சிரித்துப் பேசினால், "எதுக்கு அடி போடறான்?" என்பார்.

பித்தப்பையில் கல். நாலு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதையே அவர் அரைமனதாகத்தான் நம்பினார். ஆபரேஷன் அன்று காலை சிஸ்டர் நாடாவோடு வந்து கெண்டைக்காலை அளந்ததும் சந்தேகம் முற்றிவிட்டது.

"கல்லு வயித்துல இருக்கு. கால எதுக்கும்மா அளக்கறீங்க?"

"இறுக்கமான காலுறை போடணும் சார். வயித்துக்குள்ள காத்து நிரப்பித்தான் ஆபரேஷன். அப்ப கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறறது மந்தமாகும். அசையாமலும் படுத்திருப்பீங்க. கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

சிஸ்டர் நகர்ந்ததும் மனைவியிடம் கிசுகிசுத்தார். "தலைவலின்னு போனா செருப்பு விக்கறாங்க."

"பேசாம காலை நீட்டுங்க," என்றார் மனைவி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட வந்தார்கள். மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் சட்டையைத் தூக்கினார். சாயங்காலமே நடக்கவும் வைத்தார்கள். காலுறை அரித்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கணுக்கால் வரை சுருட்டிவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மரக்கடைக்காரர். குடலிறக்கத்துக்கு அதே மாதிரி துளை ஆபரேஷன். காய்ச்சல் வந்ததால் நாலாவது நாளாகப் படுத்திருந்தார். மறுநாள் சிஸ்டர் அவரிடம் நடந்தீர்களா என்று கேட்டபோது, "நாலு சுத்து நடந்தாச்சும்மா," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். டிக்கெட் எடுக்காதவன் பார்க்கும் அதே பார்வை. காலையிலிருந்து அவருடைய செருப்பு இடம் மாறவே இல்லை. தலையணைக்கு அடியில் காலுறையின் நுனி தெரிந்தது.

பரிசோதகர் மெல்ல எழுந்து போய் நின்றார். "போர்வையத் தூக்குங்க."

"அதைக் கேக்க நீங்க யாரு?"

"தூக்குங்க."

இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து மினுமினுத்தது.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. சுளுக்குன்னு இருந்துட்டேன். சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்களே."

பரிசோதகர் சிஸ்டரைக் கூப்பிடும் மணியை விடாமல் அழுத்தினார். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது, நுரையீரலுக்குப் போகவில்லை. உடனே மருந்து தொடங்கினார்கள். தம் கட்டிலுக்குத் திரும்பிய பரிசோதகர், யாரையும் பார்க்காமல் தம் காலுறையை முழங்கால் வரை இழுத்து மடிப்பில்லாமல் நீவிவிட்டார்.

"வேவு பாக்கற ஆளு," என்று முணுமுணுத்த மரக்கடைக்காரர், பரிசோதகர் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"சிஸ்டர் பேசறேன் சார். கால்ல வலி, வீக்கம் எதுவும் இல்லையே? தினமும் நடக்கறீங்களா?"

"நடக்கறேன்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். நீங்க அந்த சிஸ்டர்தான்னு நான் எப்படி நம்பறது?"