கடைக்கண் பார்வைக்காரர்கள் நாற்பது பேர்

பல் செட்டு செய்யும் பட்டறையில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர் அவர். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்னறையில் சுண்டுவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள் காத்திருப்பார்கள். அவரும் அவருடைய அண்ணனும் சின்ன வயதில் தொடங்கிய கிறுக்கு அது. சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுவது அண்ணன். தெர்மாகோலைச் செதுக்கி மலையும், கம்பியை முறுக்கி மரமும், பட்டறையில் பல் அச்சு எடுத்து மிஞ்சிய சுண்ண மாவில் இடிந்த சுவரும் செய்வது தம்பி. ஞாயிறுதோறும் பகடை உருட்டி, டேப் பிடித்து அளந்து, மேஜைமேல் போர் நடக்கும். "இந்த வீட்டுல ரெண்டாயிரம் பேர் தங்க இடமிருக்கு, எங்கம்மா வந்தா படுக்க இடமில்ல" என்பது அவர் மனைவியின் தீராத வழக்கு.

அண்ணன் கடிகாரம் பழுதுபார்த்தவர். கை என்றால் அப்படியொரு கை. அவர் வண்ணம் போட்ட சிப்பாய் ஒவ்வொருவனும் கடைக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சண்டையில் நிற்கிறவன் எதிரியையா பார்ப்பான், கூட நிற்கிறவன் ஓடிவிட்டானா என்றுதான் பார்ப்பான் என்பார். அந்தக் கையைத்தான் நடுக்க நோய் வந்து பிடித்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு வருடம் உட்கார்ந்து கடைசியாக நாற்பது பேரை முடித்தார். அதோடு பிரஷைக் கழுவி வைத்துவிட்டார். போகப்போக ஞாபகமும் தப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை போனால் போகட்டும், புத்தியும் போய்விட்டால் நான் யாருடா என்று தம்பியிடம் ஒரே ஒருமுறை கேட்டார். நடுக்கத்தைவிட அதற்குத்தான் அவர் பயந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் அந்த நாற்பது பேரோடு ஓர் ஆட்டம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நடுங்கும் கை உரசி வண்ணம் தேய்ந்துவிடுமே என்று தம்பி வார்னிஷ் ஸ்ப்ரேயை எடுத்தார். வெளியே நல்ல மழை. ஈரக் காற்றில் அதை அடித்தால் வெளுத்துவிடும் என்பது இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருபவர்களிடம் அவரே பத்து தடவை சொல்லியிருக்கிறார். அண்ணன் வரப்போகிற அவசரத்தில் எல்லாம் மறந்து போனது. காய்ந்து பார்த்தால் நாற்பது முகமும் சாம்பல் பூசியதுபோல் கிடந்தன.

பட்டறைக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பூசினார். பல்லுக்கு நிறம் பார்த்துப் பழகியவரல்லவா, சட்டையும் தோலும் அச்சு அசலாக வந்தன. கண்தான் மக்கர் செய்தது. கடைக்கண் போட்டால் மாறுகண்ணாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நாற்பது பேரையும் நேராகப் பார்க்க வைத்தார்.

அண்ணன் சக்கர நாற்காலியில் வந்து, ஒருவனை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"இது யாருடா போட்டது?"

அண்ணனின் ஒரு வருட உழைப்பைப் பாழாக்கிவிட்டதாகச் சொல்லத் தம்பிக்கு மனம் வரவில்லை.

"நீங்கதாண்ணா. வேற யாரு?"

அண்ணன் இரண்டாவது ஆளை எடுத்தார், மூன்றாவது ஆளை எடுத்தார். நான்காவதை எடுக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"நேராப் பாக்குற மாதிரியா போட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லையேடா. டாக்டர் சொன்னது வந்துடுச்சு போல."

தம்பி அழுதுகொண்டே மழை, வார்னிஷ், மூன்று நாள் என்று எல்லாவற்றையும் கொட்டினார். காலி ஸ்ப்ரே டப்பாவைக்கூடக் கொண்டுவந்து காட்டினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடுங்கும் கையைத் தம்பியின் தலைமேல் வைத்தார்.

"சின்ன வயசுலேருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக இப்பப் பழகாத."

அன்று பகடை உருளவில்லை. மறுநாள் காலையிலிருந்து அண்ணன் தன் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, சரியா என்று தம்பியிடம் நீட்டுகிறார்.