காபி ஃபில்டரில் இறங்காத யங்கோனா

ஃபிஜி தீவில் யார் வீட்டுக்குப் போனாலும் நம்மூர் போலக் காபி வராது. பாயை விரித்து, நடுவில் ஒரு மரத்தொட்டியை வைப்பார்கள். அதில் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கும். யங்கோனா என்ற செடியின் வேர்ப்பொடியைக் கரைத்தது. ஒரே கொட்டாங்குச்சி எல்லோர் வாய்க்கும் போகும். தையல் வேலைக்காக அங்கே போன புதிதில், வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிச் சட்டையை நனைத்துக்கொண்டவன் நான். குடித்தால் நாக்கு மரத்துப்போகும். உடம்பு அலுப்பு குறையும். அவ்வளவுதான்.

ஊரில் யாரோ இதை, 'தொட்டி தொட்டியாகச் சாராயம் குடிக்கிறான்' என்று பரப்பிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், என் மனைவி செல்வியை அழைத்துப்போக விடுமுறையில் திருவண்ணாமலைக்கு வந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தண்ணி சமாச்சாரம் இன்னான்னு தெரியாம எம் பொண்ண அனுப்ப மாட்டேன், மாப்ள."

பேசி ஜெயிக்கிற ஆள் நானில்லை. "நீங்களே குடிச்சுப் பாருங்க, மாமா" என்று பெட்டியிலிருந்த பொடிப் பொட்டலத்தை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. அங்கே நான் குடித்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் கரைத்ததில்லை. கூச்சத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர் பொடியைத் துணியில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் பிசைவார். தையல் கடையில் கூட வேலை செய்தவரோ, வெதுவெதுப்பான தண்ணீர்தான் சாரத்தை இறக்கும் என்பார். எது சரி?

"காபித்தூள் மாதிரிதானே இருக்குது? ஃபில்டர்ல போடுங்க" என்றாள் செல்வி. எனக்கும் நியாயமாகப் பட்டது. பித்தளை ஃபில்டரில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. திறந்தால் உள்ளே கொழகொழவென்று கிடந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "சாராயம்னாங்க. சினிமா போஸ்டர் ஒட்ற பசை மாதிரி இல்ல கீது!"

"சும்மா இரு, நைனா" என்று அப்பாவை அடக்கினாள் செல்வி.

மீதமிருந்தது ஒரு தடவைக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் கைகளை நினைத்துக்கொண்டேன். அவர் கரைக்கிற இடத்தில் நெருப்பையே நான் பார்த்ததில்லை. பழைய மல்லு வேட்டியைக் கிழித்துப் பொடியை முடிந்து, பானைத் தண்ணீரில், தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி பிழிந்தேன். தண்ணீர் மெல்லச் சாம்பல் நிறமாகியது.

மாமனார் சொம்பை உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்ணாந்து விட்டுக்கொண்டார். முகம் கோணியது. போதை ஏறுகிறதா என்று காத்திருந்து பார்த்தார். பிறகு எழுந்து தெருமுனை வரை நடந்து திரும்பினார். கால் பிசகவில்லை. செல்வி கதவைப் பிடித்தபடி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாக்குதான் யார் நாக்கோ மாதிரி கீது. தல தெளிவாத்தான் கீது" என்றார். "இத்த குடிக்கவா மாப்ள கடல் தாண்டிப் போனீங்க? நம்ம ஏரித் தண்ணியே தேவல." பிறகு மகளிடம் திரும்பினார். "போய்ட்டு வாம்மா. காபித்தூள் மட்டும் ஜாஸ்தியா எடுத்துக்கினு போ."

ஃபிஜியில், குடித்தவர் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்ததும் சுற்றியிருப்பவர்கள் கைகளைக் குவித்துத் தட்டுவது மரியாதை. சந்தோஷத்தில், என்னையறியாமல் மாமனார் முன்னால் தட்டிவிட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். கூச்சத்தில் கைகளைப் பிரிக்கத் தோன்றவில்லை. தட்டிச் சேர்ந்த கைகளோடு, அப்படியே அவரைக் கும்பிட்டு நின்றேன்.