அண்ணி எழுதிய காரண வரிகள்

என் அண்ணிக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முட்டை மேடம் என்று பெயர். கோழித்தீவனத்தில் சிப்பித்தூள் கலந்தால் முட்டையின் ஓடு தடிக்குமா என்று ஒன்பது வருடமாக அளந்துகொண்டிருந்தார். காலையில் கொட்டகைக்குப் போய் முட்டை பொறுக்கி வந்து, உடைத்து, ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக அளப்பார். நான் அதே நிலையத்தில் கணினிப் பிரிவு. வீட்டில் கொழுந்தன், வேலையில் பிரிண்டர் ரிப்பேர்காரன். இரண்டு இடத்திலும் கிடைக்கிற மரியாதை ஒன்றுதான்.

அண்ணிக்கு ஞாபகசக்தி அபாரம். அதுதான் வினை. எதையும் எழுதிவைக்கமாட்டார். எக்செல் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதுகூட வீட்டு நடப்பை வைத்துத்தான்: ‘பெரியவனுக்குக் காய்ச்சல்’, ‘மாடியில் தண்ணீர் வரவில்லை’, ‘நாத்தனாரோடு பேச்சு இல்லை’. நாத்தனார் என்றால் என் அக்கா. எந்தக் கணக்கு எதில் இருக்கிறது என்று கேட்டால், கண்ணை மூடி அன்று வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்து, டக்கென்று திறப்பார். உள்ளே சில கட்டங்கள் மஞ்சளாக இருக்கும், சில பச்சையாக. மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். சந்தேகம் என்றார். பச்சைக்கு? அதுவும் சந்தேகம்தானாம், ஆனால் வேறு சந்தேகமாம்.

நாற்பத்தாறு வயதில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். சிப்பித்தூள் கலந்த புதுத் தீவனத்தால் ஓட்டின் தடிமன் 17.3 சதவீதம் கூடுகிறது என்பதுதான் அதன் சாரம். அண்ணன் பேருந்து நடத்துநர். அவர் வண்டியில் தினமும் போகிற பாதிப் பேருக்கு அந்த 17.3 மனப்பாடம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பட்டம் வருமுன்பே வாசலில் ‘முனைவர்’ என்று பலகை அடித்துவிட்டார்.

பிறகுதான் புறத்தேர்வாளரின் கடிதம் வந்தது. நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன், 17.3 வரவில்லை, என் மேசையில் நானே செய்துபார்க்கும்படி முழுக் கணக்கையும் மூன்று மாதத்துக்குள் அனுப்புங்கள், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் ஆய்வேட்டை நிராகரிப்பேன் என்று எழுதியிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் அதே மாதத்தோடு முடிகிறது. அதைத் தாண்டினால் ஒன்பது வருட உழைப்பும் கூழ்முட்டைதான்.

அண்ணி சிரித்துக்கொண்டே ‘பெரியவனுக்குக் காய்ச்சல்’ கோப்பைத் திறந்தார். 14.2 வந்தது. ‘மாடியில் தண்ணீர் வரவில்லை’யில் 17.9. அக்காவோடு பேசாத கோப்பில் 16.1. பெரியவனுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

என் அறைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. நான் பிரிண்டருக்கு அடியில் கிடந்தபடியே, நாலு வருடமாகச் சொல்லிவந்ததை ஐந்தாவது முறையாகச் சொன்னேன். ஆய்வேட்டின் எழுத்தும் கணக்கும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். 17.3 என்று கையால் அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் கணக்குப் போடுகிற கட்டளையை எழுத வேண்டும். கோப்பைக் கணினியில் ஓட்டினால் மூல அளவுகளிலிருந்து எண்ணும் அட்டவணையும் தானாக வந்து உட்காரும், யார் மேசையில் ஓட்டினாலும் அதே எண் வரும். கூடவே இன்னொரு நிரல் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரப்படுத்தும். பத்திரப்படுத்தும்போதெல்லாம் ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி கேட்கும். பழையது எதுவும் அழியாது.

எல்லாத்துக்குமா காரணம் கேட்கும், இது உங்கம்மாவ விட மோசமா இருக்கும்போல இருக்கே என்றார். அம்மா காதில் விழவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம்.

ஆனால் பிடித்தாரானால் உடும்புப்பிடி. ஒரே மாதத்தில் கட்டளை எழுதக் கற்றுக்கொண்டார். அந்தக் காரண வரியில்தான் அவருக்குக் கொண்டாட்டம். ஒன்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வியை ஒரு இயந்திரம் கேட்கிறதே என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். ‘நேற்று எழுதிய கட்டளை அபத்தம். எழுதியது நான்தான்.’ ‘மஞ்சள் கட்டங்களை ஒழித்தேன். பச்சையை நாளை ஒழிப்பேன்.’ ‘தேர்வாளர் கேட்டபடி எழுத்தைப் பெரிதாக்கினேன். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை.’

இரண்டாவது மாதக் கடைசியில், ஒரு மதியம், கோப்பை ஓட்டியதும் திரையில் 17.3 வந்தது. பிசிறில்லாமல் அதே 17.3. அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் விசிலை ஊதி வண்டியையே நிறுத்திவிட்டாராம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கோப்பைப் பத்திரப்படுத்தப் போனார். காரண வரி கேட்டது. ‘நொறுங்கிய முட்டைகளைச் சேர்க்காமல்’ என்று அடிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, மூல அளவுகளைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். கோழி மிதித்தோ கைதவறியோ நொறுங்கி, அளக்க ஓடே கிடைக்காத முட்டைகள் பத்துக்கு ஒன்று இருக்கும். புதுத் தீவனக் கொட்டகையில் அவற்றின் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். பழைய தீவனக் கொட்டகையில் பூஜ்யம் போட்டிருந்தார். காலிக் கட்டம் சராசரியில் சேராது. பூஜ்யம் சேரும், சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். பழைய தீவனம் பாவம், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்திருக்கிறது. பூஜ்யங்களை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். 5.6 வந்தது.

முதலில் வாயைத் திறந்தது நான். இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

“அண்ணி, அந்தப் பூஜ்யத்த அப்படியே விட்டுடுங்க. அவர் மேசையில ஓட்டினாலும் பதினேழு புள்ளி மூணுதான் வரும். அவர் கேட்டது அவ்வளவுதானே?”

“வரும் தம்பி. தப்பு எத்தன தடவ ஓட்டினாலும் அதே தப்பாத்தான் வரும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடத்தை ஒரு பூஜ்யத்துக்காகக் குப்பையில் போடுகிறீர்களே என்று கத்தினேன். 5.6 என்று பார்த்தால் அந்த ஆள் ஆய்வேட்டை முகத்தில் வீசுவார் என்றேன். அண்ணி என் பக்கம் திரும்பாமல் காரண வரியை அடித்து முடித்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை, ஒற்றை விரலால் அடிப்பதால் நேரமாயிற்று.

கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு அனுப்பினார். மறுநாள்தான் எனக்கு உறைத்தது: கோப்போடு இருநூற்றுப் பன்னிரண்டு காரண வரிகளும் போயிருக்கின்றன. ‘மனுஷனுக்கு வேறு வேலை இல்லை’ உட்பட. சொன்னதும் அண்ணி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நான் விடுவேனா? வாய்மொழித் தேர்வு நாள் வரைக்கும் வேறு வேலை இல்லாத மனுஷன் எப்படி இருக்கார் என்று தினமும் விசாரித்தேன்.

தேர்வன்று பின்வரிசையில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. ஒரு மணி நேரம் கோழியைப் பற்றியே கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் அச்செடுத்திருந்தார். அண்ணியின் தலை குனிந்துவிட்டது.

‘மனுஷனுக்கு வேறு வேலை இல்லை’யைப் படித்துக்காட்டி, எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னது வேறு வேலை இல்லாமல் இல்லை, கண்புரைக்காக என்றார். கூடம் சிரித்தது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவர் தாளைப் புரட்டி ஒரு வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார்:

“‘நொறுங்கின முட்டைக்குப் பூஜ்யம் போட்டது நான்தான். 17.3 தவறு, 5.6 சரி. அப்படியே விட்டுவிடலாம் என்று கொழுந்தன் சொன்னான். விடவில்லை.’”

நான் முன்னிருக்கைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“யார் இந்தக் கொழுந்தன்?” என்றார் தேர்வாளர். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. திரும்பி என்னைக் கைகாட்டினார். யாரும் கேட்காமலே அண்ணனும் காட்டினார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தேர்வாளர் அண்ணியிடம் திரும்பினார். “அஞ்சு புள்ளி ஆறு. என் மேசையில ஓட்டினேன், என் பொண்ணோட பழைய லேப்டாப்ல ஓட்டினேன், அதேதான் வந்துச்சு. இந்த வரியப் படிச்சதுக்கப்புறம் கேக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நின்றபடியே அழுதேன். பெருமையா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

அந்த ஆய்வேடு இப்போது காரண வரிகளோடு பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அலுவலகத்தில் எல்லாரும் படித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும்படி அண்ணியிடம் கெஞ்சினேன்.

“எடுக்கலாம் தம்பி. ஆனா ஏன் எடுத்தேன்னு காரணம் எழுதணுமே” என்றார்.