விழித்திருப்பவன் தூங்கிவிட்ட வாரம்

ஊருக்கெல்லாம் அவர் 'விழித்திருப்பவன்'. வீட்டில் மணி ஒன்பது அடித்தால் குறட்டை. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் பதினோரு வருஷமாகச் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தி வந்தன என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். எனக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிழைப்புக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் அடங்கிய பிறகு டிவியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வரும். ஆறேழு நடிகர்கள், குட்டிக் குட்டி நாடகங்கள், யாரையும் விட்டுவைக்காத கிண்டல். அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'விழித்திருப்பவன்' என்ற பெயரில் விமர்சனம் எழுதுவது இவர்தான். ராத்திரி நிகழ்ச்சியை டிவிப் பெட்டி தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும். இவர் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, சனிக்கிழமை காலையில் மனைவியையும் மச்சானையும் சோபாவில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டுவார். தான் மட்டும் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்தபடி உட்காருவார்.

"என்ன வேடிக்க மாமா இது? எங்களப் பாத்தா எழுதுவீங்க?" என்று மச்சான் கேட்பான்.

"டிவியப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருதான்னுதான் தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் ஊருக்குச் சிரிப்பு வருமான்னு தெரியும். நீ திரும்பாம உக்காரு."

எங்கே உண்மையாகச் சிரித்தார்கள், எங்கே காபிக்காகச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு தனியாக ஒருமுறை போட்டுப் பார்ப்பார். அது அவருடைய இன்னொரு வித்தைக்காக. வாரத்துக்கு ஒரு நாடகத்திலாவது யாராவது முகமூடி போட்டு வருவார்கள், ஆள் யார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். இவர் கண்டுபிடித்துவிடுவார். ஆயிரக்கணக்கான காதுகளிலும் மூக்குகளிலும் கண்ணாடி மாட்டிப் பார்த்த கண் அது. கட்டுரையின் கடைசிப் பத்திக்கு 'வேஷத்துக்குள் யார்?' என்று தலைப்பு. ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. வாசகர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள், அதில் மனிதருக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ப் படுகுழியில் தள்ளப் பார்த்தது.

அந்தச் சனிக்கிழமை மச்சான் இல்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கார் ஓட்டுகிறவன், விடியுமுன்னே கூப்பிட்டுவிட்டார்கள். மனைவி மட்டும் உட்கார்ந்தாள். மூன்றாவது நாடகத்தில் ஒருவர் முகமூடி போட்டு வந்தார். யாருடைய முகம் என்று கேட்கிறீர்களா? எல்லா அலுவலகச் சுவரிலும் படமாகத் தொங்குகிற முகம். பள்ளிக்கூடச் சுவரில், பேங்க் சுவரில், நம் கண்ணாடிக் கடைச் சுவரிலும்கூடத் தொங்குகிற அதே முகம். திறப்பு விழாவே பிழைப்பாகப் போன அந்தப் பெரிய மனிதருக்கு நாடகத்தில் அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் ரிப்பன் கட்டியிருக்கிறது. கத்தரிக்கோலைக் காணோம். அதிகாரிகள் வீடு முழுக்கத் தேடுகிறார்கள். மனிதர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரிப்பனைத் தாண்டிப் போகவும் மனசில்லாமல் துள்ளுகிறார். அதோடு பதிவு நின்றுபோயிருந்தது, டிவிப் பெட்டியின் கோளாறு என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தனியாகப் பார்த்தபோது நம் ஆள் ஸ்டூலிலிருந்து விழாத குறை. அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். முகமூடிமேல் மாட்டியிருந்த கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்க வழுக்க, கை இரண்டும் வயிற்றில் இருந்ததால், உள்ளே இருந்த ஆள் இடது தோளைத் தூக்கிக் கண்ணாடிக் காம்பை மேலே தள்ளியதைப் பார்த்தார். "அடி கள்ளி!" என்று தொடையில் தட்டினார். ஊசிவெடி! ஒல்லியாக, வெடுக்கென்று பேசும் அந்த நடிகையை ஊரே அப்படித்தான் கூப்பிடும். கை நிறையச் சாமான் இருக்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் தோளால் கண்ணாடியைத் தள்ளுவாள்.

சூட்டோடு சூடாக எழுதி, 'வேஷத்துக்குள் யார்?' பத்தியில் ஊசிவெடியைப் புகழ்ந்து தள்ளி, போனிலேயே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். முதல் தடவை அந்த நாடகம் ஓடியபோது மனைவி பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். ஒரு வாட்டிகூடச் சிரிக்கவில்லை. முகத்தைப் படிப்பதில் புலி என்று பெயர் வாங்கிய மனிதர், கட்டின மனைவியின் முகத்தை அன்றைக்குப் பார்த்து, 'இவளுக்கு ரசனை போதாது' என்று குறித்துக்கொண்டார். போதாதாம்!

மதியம் மச்சான் கடைக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினான். வெளியே 'மூடியிருக்கிறது' பலகையை அவனே திருப்பிப் போட்டான்.

"மாமா, ராத்திரி அந்த நிகழ்ச்சி பாதியில நின்னுபோச்சாம். டிவி ஆபீசுக்குள்ள ஆளுங்க போயிட்டாங்க. நான் காலையில இருந்து அவங்களத்தான் ஏத்தி இறக்கிட்டு இருக்கேன். டைரக்டரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எங்க?"

"எங்கன்னு நான் கேக்க முடியுமா? முகமூடிக்குள்ள யாருன்னுதான் தேடுறாங்க. நடிகருங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. தெரிஞ்சா அந்த ஆளு அவ்வளவுதான் மாமா."

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைக்கப் போய், மேஜையைத் தவறவிட்டுத் தரையில் போட்டார். நடிகர்களெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றுகிற பெயரை இவர் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாரே! பக்கம் சாயங்காலம் அச்சுக்குப் போகும். பக்கத்தைப் பார்க்கிற அம்மா பழைய பள்ளிக்கூட ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சரம்மா. அவளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பத்திரிகை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் மடித்து வைத்திருந்த பத்திரிகையைப் பார்த்தால் திக்கென்றது. 'அந்தப் பொண்ணு எனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நல்லா நடிச்சா, அவ்வளவுதானே? அதுக்கா இந்தக் கூலி?' என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

மாடிப்படி ஏறி அறைக்குள் நுழைந்ததும், வாயைத் திறக்கும் முன் டீச்சரம்மா இவரைப் பார்த்துக் கத்தினாள்.

"இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? இந்த வாரம் கட்டுரையே அனுப்பல, போன் போட்டா எடுக்கல! பக்கத்த எதப் போட்டு நிரப்புறது நான்? உங்க தலையவா?"

இவர் அனுப்பியதற்கு அவளே காலையில் 'கிடைத்தது' என்று பதில் போட்டிருந்தாள். போனை எடுக்காதவள் அவள்தான். அப்புறம்தான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு, மடியில் கத்தரித்த பத்திரிகைத் துண்டுகள். எல்லாம் 'வேஷத்துக்குள் யார்?' பத்திகள். டீச்சரம்மா ஏன் கத்துகிறாள் என்பது அந்த நொடியில் விளங்கியது. கும்பிட்டுக் காலில் விழலாம் போலிருந்தது.

அந்த ஆள் எழுந்தார். ஒரு கையில் துண்டுகள், மறு கையில் போன். மூக்கிலிருந்து இறங்கிய கண்ணாடியை வலது தோளைத் தூக்கி மேலே தள்ளிக்கொண்டார்.

"விழித்திருப்பவன் நீங்கதானா? ஒரு வாரம்கூடத் தப்பா சொன்னதில்லையாமே. நேத்து யாரு சார் அது?"

 டீச்சரம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, "நேத்து பாக்கல சார். தூங்கிட்டேன்" என்றார்.

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த ஆள் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போன் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றார்.

போட்டார். இரண்டு தடவை தப்பான எண். மனைவிக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாதே! பதிவு செய்ததை வாய்தவறிச் சொன்னால் போச்சு.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எழுதற பத்திரிகை ஆபீசுல இருந்து பேசறோம். அவரு நேத்து ராத்திரி என்ன பண்ணாரு?" என்று அந்த ஆளே கேட்டார்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"என்ன பண்ணுவாரு? ஒம்பது மணிக்கெல்லாம் குறட்டைதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதே கதைதான். இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு மனுசன்."

"அப்ப வாராவாரம் எப்படி எழுதறாரு?"

"நான் முழிச்சிருந்து பாத்து, காலையில கதை சொல்லுவேன். பேரு மட்டும் அவருக்கு. நேத்து எனக்குத் தலவலி, நானும் படுத்துட்டேன். ஏங்க, எதாச்சும் பிரச்சினையா?"

இப்போது அறை முழுக்கச் சிரித்தது. பதினோரு வருஷத்துப் பெருமை தரைமட்டம். விழித்திருப்பவன் பெண்டாட்டி சொன்னதை எழுதுகிறவனாம்! அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவமானமெல்லாம் இல்லை, முகத்தில் தெரியும் பயத்தை மறைக்கத்தான். அந்த ஆளும் சிரித்துவிட்டார். கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியவர், "இது வேற, இறங்கிக்கிட்டே இருக்கு. நீங்க கண்ணாடிக் கடைதானே? கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார்.

சட்டைப் பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்து இறுக்கினார்.  அந்த ஆள் குனிந்து, இவர் காதோரம் மெல்லச் சொன்னார்: "அடுத்த வாரம் தூங்காதீங்க. உங்களுக்காகவே நிகழ்ச்சிய எட்டு மணிக்கு மாத்தச் சொல்லியிருக்கோம். நல்லா பாருங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

வீட்டுக்கு வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தார். "பெட்டியில இருக்கறத அழிக்கணும்" என்றார்.

"காலையில நீங்க கடைக்குப் போனதுமே அழிச்சிட்டேன்" என்றாள் மனைவி. "நான் ஜன்னலச் சாத்தியும், தெருவுக்கே கேக்கற மாதிரி நீங்க பாட்டுக்குக் கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறீங்க. எனக்கு உசுரே இல்ல."

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது மணிக் குறட்டை நின்றுபோனது. யாரும் ஊசிவெடியைத் தொடவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் அவள் வருவாள், கண்ணாடி வழுக்கும், தோள் ஏறும். அதை விமர்சனத்தில் எச்சரிக்கவும் முடியாது, எழுதினால் அதுவே காட்டிக்கொடுத்த மாதிரி. நேரில் போய்ச் சொல்லவும் முடியாது, டிவி ஆபீஸ் வாசலில் ஆள் நிற்கிறது. யோசித்து யோசித்து, கடையிலிருந்து ஒரு ஜோடிக் காதுப்பிடியை எடுத்தார். கண்ணாடிக் காம்பின் நுனியில் மாட்டுகிற சின்ன ரப்பர் கொக்கி, மாட்டினால் கண்ணாடி இம்மியும் நகராது. அதைக் கவரில் போட்டு, ஒரு வரிகூட எழுதாமல், ரசிகர்கள் அனுப்புகிற பரிசுகளோடு பரிசாக அவள் பெயருக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணி. மூன்று பேரும் சோபாவில். இந்தத் தடவை ஸ்டூல் இல்லை, அவர் டிவியையே பார்த்தார். நிகழ்ச்சியின் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், மாமியார்-மருமகள் கிண்டலோடு சரி. ஊசிவெடி வந்தாள். கையில் அடுக்கிய தட்டுகள். குனிந்தாள், ஓடினாள், சுழன்றாள். கண்ணாடி அசையவில்லை! தோளும் அசையவில்லை. அவர் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுங்க" என்றாள் அவள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது.

கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று வணங்கினார்கள். யாரோ ஊசிவெடியின் இரண்டு கையிலும் பூங்கொத்துகளைத் திணித்தார்கள். கண்ணாடியை அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தாள். காதில் ஒன்றுமே இல்லை. கைதட்டல் கேட்டது, அவள் சிரித்தாள், பழக்கதோஷம், இடது தோள் காதுவரை ஏறி இறங்கியது.

"பாவி மகளே" என்றார் அவர், வாய்க்குள்.

மச்சான் கை தட்டிக்கொண்டிருந்தான். மனைவி கொட்டாவி விட்டாள். இரண்டு பேருமே எதையும் கவனிக்கவில்லை. அப்போது போன் அடித்தது.

"சொல்லுங்க சார், பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ஒண்ணும் விசேஷமாத் தெரியல."

"அப்படியா? எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. கடைசியில அந்தப் பொண்ணு தோளத் தூக்கினா பாருங்க. அந்த முகமூடியும் அப்படித்தான் தூக்குச்சு. நீங்க கவனிக்கலையா?"

 சுவரில் சாய்ந்துகொண்டார். என்ன சொல்கிறோம் என்று தெரியுமுன்னே குரல் வந்துவிட்டது.

"கண்ணாடி லூசா இருந்தா எல்லாருமே தூக்குவாங்க சார். என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான். அன்னிக்கு ஆபீசுல நீங்களும்தான் தூக்கினீங்க. கை ரெண்டுலயும் சாமான் இருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிறகு போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் சொல்லல. சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னா? சிரிச்சாரா, இல்லையா?"

பதினோரு வருஷமாக ஊர் எங்கே சிரித்தது, எங்கே சிரிக்கவில்லை என்று எழுதியவர், அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முகம் தெரியலயே" என்றார்.