மூணு பைன் மரமும் கரிப்புக் கிணறும்

மரத்துக்குத் தண்ணி ஊத்துற வேலையில ஒரு சௌகரியம், மரம் நம்மள எதிர்த்துப் பேசாது. ஆனா அது வாடிப்போச்சுன்னா போறவன் வர்றவன் எல்லாம் அதுக்காகப் பேசுவான். குடமும் கையுமா வெயில்ல நின்னு பேச்சு வாங்கினவங்களுக்கு நான் சொல்றது புரியும். புதுச்சேரியில வெள்ளைக்காரன் கொடி இறங்கி ரெண்டு மூணு வருஷம் இருக்கும். மழை எட்டியே பார்க்காத ஒரு சமயம், கடற்கரைப் பக்கத்துல ஒரு சர்க்கார் பங்களாத் தோட்டத்துல நான் பட்ட பாடு இது.

சைகோன் விருந்தாளிங்க

அந்தத் தோட்டத்துல மூணு பைன் மரம். எப்பவோ ஒரு பிரெஞ்சு துரை வியட்நாம் பக்கம் சைகோன்லேர்ந்து கப்பல்ல சட்டியோட கொண்டாந்து வெச்சது. ஊருல பாதிப் பேரு அதைச் சவுக்குன்னுதான் நினைச்சுக்குவாங்க. கிட்டப் போய்க் கொத்துக் கொத்தா இருக்கிற ஊசி இலையைத் தொட்டாத்தான் வேற சாதின்னு தெரியும். நான் அங்க தினக்கூலி.

ஆடி மாசம் புது ஆபீசர் வந்தாரு. மெட்ராஸ்காரரு, கெட்ட மனுஷன் இல்ல, ஆனா கறார். அந்த நேரம் முத்தியால்பேட்டை வீட்டுல என் பொண்டாட்டி நாலு மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்காமப் போயிருந்துது. இந்தத் தடவை அவளை விட்டு நகரவே எனக்குப் பயம். அதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? மரத்தை அண்ணாந்து பார்த்தாரு, அப்புறம் என்னைப் பார்த்தாரு. "ஐப்பசி மழை வரைக்கும் பார்ப்பேன். மரம் நின்னா நீ இங்கயே நிரந்தரம். செத்துதுன்னா தோட்டத்துக்கு ஆள் எதுக்கு? சேதராப்பட்டுல ரோடு வேலைக்கு ஆள் கேக்குறாங்க, அங்கயே தங்கி வேலை பாரு."

சுவத்துல ஒட்டின ஆர்டர்

வாட்ச்மேன் ரூம் சுவத்துல பிரெஞ்சுல ஒரு காயிதம் ஒட்டியிருந்துது. பியூன் கோவிந்தசாமிதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவாரு: தினம் காலையில மரத்துக்கு ரெண்டு குடம், தோட்டத்துக் கிணத்துத் தண்ணி, மரத்தடியில சருகு இருக்கக் கூடாது. கொடி மாறிச்சு, சட்டம் மாறிச்சு, அந்தக் காயிதத்தை மட்டும் எவனும் ரத்து பண்ணல. நானும் எழுத்துக்கு எழுத்து அதையே செஞ்சேன்.

ஆபீசர் சொன்ன மறுநாள்லேர்ந்து ரெண்டு குடத்தை நாலு குடமாக்கினேன். உதிர்ந்த ஊசியை ஒண்ணு விடாமக் கூட்டி எரிச்சேன். ஊத்த ஊத்த மரம் பழுத்துக்கிட்டே வருது! முதல்ல ஊசி நுனி மஞ்சளாச்சு, அப்புறம் கொத்தே காஞ்சு கொட்டுது. ஒரு நாள் பொறுக்க முடியாம, "இன்னும் என்னதான்டா வேணும் உனக்கு?"ன்னு மரத்தைப் பார்த்துக் கத்திட்டேன். கோவிந்தசாமி வாயிலேர்ந்து பீடியை எடுத்துட்டுச் சொன்னாரு: "மரத்தை ஏன் காதரு திட்டுற? அது சைகோன் மரம், உன் தமிழ் அதுக்குப் புரியாது."

மீன்காரம்மா தீர்ப்பு

பெரிய மார்க்கெட்ல மீன் வித்துட்டு அஞ்சலைன்னு ஒரு அம்மா கடலோரமா வீட்டுக்கு நடந்து போகும். வழியில நம்ம தோட்டத்து நிழல்ல கொஞ்சம் உக்காரும். வாய் நல்ல வாய்னு சொல்ல முடியாது, மனசு தங்கம். அன்னிக்குக் கிணத்துல நானே ஒரு வாளி இறைச்சுக் குடுத்தேன். முகம் கழுவிச்சு, வாய் கொப்புளிச்சுது, அப்படியே தூன்னு துப்பிச்சு.

நான் குடிக்கிறது எப்பவும் தெருக்குழாய்த் தண்ணி. கிணத்துத் தண்ணியை வாயில வெச்சே வருஷம் ஆச்சு. இப்ப ஒரு மடக்கு வெச்சுப் பார்க்குறேன், கரிக்குது! மழை இல்லாம ஊத்துத் தண்ணி கீழ போகப் போக, கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு. மழை வராமக் கால்வாசி கொன்னுதுன்னா மீதியை நான்தான் குடம் குடமா ஊத்திக் கொன்னிருக்கேன். அந்த அம்மா முந்தானையில வாயைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டுது: "ஏன் பாய், இது கருவாடு போடுற தண்ணி, இதையா மரத்துக்கு ஊத்துற?"

குழாயடிப் பஞ்சாயத்து

நல்ல தண்ணிக்கு எங்க போறது? தெருமுனைக் குழாய்தான். அங்க வெயிலு ஏற ஏற வரிசை நீளும், சண்டையும் நீளும். நான் குடத்தோட போய் நின்னதும், "மனுஷனுக்கே இல்ல, மரத்துக்குத் தண்ணியாம்"னு ஒரு அம்மா ஆரம்பிச்சுது. வெக்கத்தை விட்டுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன்: ஆபீசர் சொன்னது, சேதராப்பட்டு, வீட்டுல பொண்டாட்டி இருக்கிற நிலைமை, ஏற்கனவே ரெண்டு தடவை ஆனது. அப்புறம், எல்லாரும் பிடிச்ச பிறகு குழாய்ல தண்ணி நிக்கிற வரைக்கும் எனக்குன்னு முடிவாச்சு.

தண்டுல ஊத்தாம, கிளை நிழல் முடியுற இடத்துல வட்டமா வாய்க்கால் வெட்டி ஊத்துனேன். உப்பு கீழ இறங்கட்டும்னு ரெண்டு வாரம் அதிகமாவே ஊத்துனேன். இடுப்பு கழண்டு போச்சு. என் நடையைப் பார்த்துட்டு, முதல்ல சண்டைக்கு வந்த அதே அம்மாதான் சொல்லிச்சு: "பாய், என்னைக் கட்டினவரு பதினெட்டு வருஷத்துல இத்தனை குடம் தூக்கினதில்ல."

கூட்டாதே

தினம் சாயங்காலம் ஒரு பழைய சொல்தா தோட்டத்துக்கு வருவாரு. சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்து பென்ஷன் வாங்குறவரு. சைகோன்ல பத்து வருஷம் இருந்தவராச்சேன்னு, "முசே, அங்க இந்த மரத்தை எப்படிப் பார்த்துக்குவாங்க?"ன்னு கேட்டேன். "எவன்யா பார்த்துக்கிட்டான்? காட்டுல நிக்கும். மரத்தடியில முழங்கால் வரைக்கும் ஊசி கிடக்கும், பூட்ஸ் வழுக்கும்"னாரு. எனக்குப் பளிச்சுன்னு பட்டுது. நாம கூட்டி எரிக்கிறது அது தனக்குத் தானே போட்டுக்குற போர்வை. அது இல்லாமத்தான் மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது.

அன்னிக்கே விளக்குமாத்தை மூலையில வெச்சுட்டேன். நாலு நாள்ல ஆபீசர் கண்ணுல பட்டு, "என்னப்பா இது, குப்பைமேடா?"ன்னு குதிச்சாரு. சருகை விலக்கிக் காட்டினேன், உள்ள மண்ணு ஈரமா இருந்துது. அவரு ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தாரு. நான் சொல்றதுக்குள்ள, அங்க உக்காந்திருந்த சொல்தா முந்திக்கிட்டாரு: "சார், பட்டாளத்துல மட்டும்தான் தரையைக் கண்ணாடி மாதிரி வெக்கணும், காட்டுல அந்த விதி கிடையாது."

பிசின்

புரட்டாசியில ஒரு காலையில கோவிந்தசாமி கத்திக்கிட்டே ஓடியாந்தாரு. போய்ப் பார்த்தா, ரெண்டு மரத்துலயும் பட்டையில தேன் நிறத்துல பிசின் உருண்டை உருண்டையா நிக்குது. ஒரு உருண்டைக்குள்ள பொடி வண்டு ஒண்ணு மாட்டிச் செத்துக் கிடக்குது. துளை போட வந்ததை மரமே மூழ்கடிச்சிருக்கு! மூணாவது மரத்துலயும் அதே துளைதான், ஆனா ஒரு சொட்டுப் பிசின் இல்ல. அடியில மாவு மாதிரி மரத்தூள், தட்டினா பட்டை தகடா கழண்டு வருது. அது கடல் பக்கம் நின்ன மரம், கிணத்துக்கும் கிட்ட. அது போயிடுச்சுன்னு புரிஞ்சுது.

ஆனா இந்த ரெண்டும்? பிசின் விடுறதுக்குத் தெம்பு வந்திருக்குன்னா உள்ள தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். நகத்தால சின்னக் கிளையைக் கீறினேன், பச்சைப் பசேல்னு இருக்கு. அப்படியே சருகுமேல உக்காந்து சிரிச்சேன், கண்ணுல தண்ணி வேற. கோவிந்தசாமி பயந்துட்டாரு: "மரம் சீழ் வெக்குது, நீ என்னடான்னா சிரிக்கிற! வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா காதரு?"

விளக்கம்

ஐப்பசியில மழை கொட்டிச்சு. ரெண்டு மரத்துலயும் கிளை நுனியில புதுக் குருத்து விரல் மாதிரி நேரா நிமிந்து நின்னுது. ஆபீசர் குடை பிடிச்சுக்கிட்டு வந்தாரு. மூணுல ரெண்டுன்னா நின்னதா, செத்ததா? வீட்டுல அவளுக்கு ஏழு மாசம். பொய் சொல்ல வாய் வரல. கரிப்புத் தண்ணியை நானே ஊத்தினதை ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்.

அவரு நேரா வாட்ச்மேன் ரூமுக்குப் போனாரு. கிணத்துத் தண்ணி ஊத்தச் சொன்ன அந்தச் சுவத்துக் காயிதத்தைப் பிரிச்சு எடுத்து நாலா மடிச்சாரு. திரும்பி வந்து குருத்தைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொன்னாரு: "ஒரு மரம் ஏன் போச்சுன்னு விளக்கம் எழுதிக் குடு, ஃபைல்ல வெக்கணும். ரெண்டு ஏன் பிழைச்சுதுன்னு எவனும் கேக்க மாட்டான், அதை நீயே இருந்து பார்த்துக்க. நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்."

தோட்ட வேலைன்னா இவ்ளோதாங்க: செத்ததுக்கு நாம எழுதிக் குடுக்கணும், பிழைச்சதுக்கு மழை பேரு வாங்கிக்கும், சாயங்காலம் முத்தியால்பேட்டைக்கு நடந்தே வீடு போய்ச் சேர முடிஞ்சா நமக்கு அதுவே போதும்.