ஹேமலதாவுக்கு ஒரு மேசை

தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்து, நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ராமலிங்கத்தின் கம்ப்யூட்டர் கடையில் ஹேமலதா பார்த்த வேலைக்குப் பெயர் சர்வீஸ் இன்ஜினியர். உண்மையில் செய்தது மவுஸ் விற்பது, காலி சிடி விற்பது, காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவது. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள். அதை ஒரு நாளைக்கு இரண்டு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வாய் கொஞ்சம் நீளம். அதை அவளிடமே சொல்லிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதிலை இங்கே அச்சில் போட முடியாது.

கடையின் உள்பக்கம் ரிப்பேர் மேசை இருந்தது. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கும் சால்டரிங் அயனும் கலைவாணன் என்பவனும் அதன் நிரந்தரச் சொத்துகள். 2007இல் கலைவாணன் திடீரென்று சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டான். காலியான நாற்காலியைப் பார்த்து ராமலிங்கம் பேப்பரில் விளம்பரம் கொடுக்கக் கிளம்பினார்.

"நான் இருக்கேன்ல சார்."

"நீ இருக்க. மேசைக்கு ஆளு வேணும்ல?"

அந்த வாரம் ஹேமலதா அவரைத் தூங்க விடவில்லை. தொல்லை பொறுக்காமல் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்து வருகிற லேப்டாப் அவளுக்கு. அது நல்லபடியாகப் போய்த் திரும்பி வராமல் இருந்தால் மேசை அவளுடையது. திரும்பி வந்தால் ஆயுசு முழுக்க மவுஸ்தான்.

அடுத்து வந்தவர் எமீல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பென்ஷனோடு குருசுக்குப்பம் பக்கம் கடலைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டவர். இந்த மாதிரிப் பட்டாளத்துக்காரர்களை முதுகுக்குப் பின்னால் சிப்பாய் என்ற பொருளில் சொல்தா என்பார்கள், முகத்துக்கு நேரே மரியாதையாக முசியே என்பார்கள். கடைக்குள் வரும்போதும் அணிவகுப்பில் வருவதுபோல்தான் வந்தார். பிரான்சின் துலூசில் இருக்கும் மகள் ஏலோதி, ஊருக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பிய புது லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் மகள் முகம் தெரியும். இப்போது விளக்குகூட எரியவில்லை.

"தண்ணி கிண்ணி பட்டுச்சா முசியே?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் கெடயாது," என்றார் எமீல், தண்ணீரே குடிக்காத குடும்பம் மாதிரி.

மதர்போர்டு போய்விட்டது. பிரான்சுக்கு அனுப்பினால் எப்போது வரும் என்று மாதாவுக்குத்தான் தெரியும். சென்னை ரிச்சி தெருவில், திரை உடைந்த அதே மாடலிலிருந்து கழற்றிய போர்டு ஒன்று கிடைத்தது. ஹேமலதா மேசையில் உட்கார்ந்தாள்.

லேப்டாப்பின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. குட்டைத் திருகின் குழியில் நெட்டையை விட்டு முறுக்கினால் அது போர்டையே துளைத்துவிடும். கலைவாணன் எல்லாவற்றையும் டீ கிளாசில் கொட்டி வைத்து, கடைசியில் மிஞ்சியதை எக்ஸ்ட்ரா என்பான். ஹேமலதா ஒரு தெர்மோகோல் அட்டையில் மெஷினின் படத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தாள். கீபோர்டைத் தூக்கி, அதன் நாடா வயரைக் கழற்றி, விசிறியை எடுத்து, பழைய போர்டை வெளியே உருவியபோது அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததைப் பார்த்தாள். கடலோர வீடு, உப்புக்காற்று என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிப்ளமோ முடித்தவர்கள் கேட்பதில்லை.

புதுப் போர்டு உட்கார்ந்தது. பிராசஸர் மேல் பேஸ்ட் தடவி, எல்லாவற்றையும் திரும்ப மூடி, பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. ஹேமலதா கத்தவில்லை, குதிக்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

எமீல் லேப்டாப்பை வாங்கிப்போன பிறகு இரண்டு நாள் மேசையில் ராணியாக இருந்தாள். மூன்றாம் நாள் எமீல் வந்து லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்தார். செத்திருந்தது.

ராமலிங்கம் அவளைத் திட்டியிருந்தால் பரவாயில்லை, அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். அவர் மனுஷத்தன்மையோடு பேசினார். "வுடும்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று மவுஸ் பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் கழற்றிப் பார்த்தாள். போர்டில் அதே வெள்ளை, கீபோர்டுக்கு நேர் கீழே, சொட்டுச் சொட்டாக. எவ்வளவு பெரிய கடலானாலும் இரண்டு நாளில் காற்றால் அப்படிப் புள்ளி வைக்க முடியாது. லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கதவைத் திறந்தது எமீலின் மனைவி ஜோசெத். பின்னால் எமீல், வீட்டுக்குள்ளேயும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு.

"உப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க முசியே. என்ன பண்ணீங்க, கடல்ல குளிப்பாட்னீங்களா?"

"தண்ணி எதும் படல."

"பட்டுச்சும்மா," என்றாள் ஜோசெத். "தீர்த்தம். கோயில்ல உப்பு மந்திரிச்சுப் போட்டுதான செய்வாங்க."

"ஜோசெத்," என்றார் எமீல், பட்டாளக் குரலில்.

அந்த அம்மாள் அந்தக் குரலை முப்பது வருஷமாகக் கேட்டவள், சட்டை செய்யவில்லை. புது பைக் வாங்கினால் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் மந்திரித்து வாங்குவதில்லையா, அப்படி லேப்டாப்பையும் கொண்டுபோனாராம். ஃபாதர் மேலாகத் தெளித்துவிட்டு அனுப்பப் பார்த்திருக்கிறார். இவர்தான் விடவில்லை. மூடியிருந்தால் ஆசீர்வாதம் உள்ளே போகாது என்று திறந்து காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

"சரி, ரெண்டாவது வாட்டி ஏன்?"

"அந்தப் போர்டு செத்த மெஷின்லேருந்து எடுத்ததுன்னு நீதான சொன்ன," என்றார் எமீல். "அத அப்படியே வூட்ல வெக்க முடியுமா?"

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. தன் மேசை போன கதையை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். கடைக்கு வந்து ராமலிங்கத்திடம் நடந்ததை ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள்.

எமீல் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "ஃபாதர் பேர இழுக்க மாட்டேன். ஊரே சிரிக்கும்."

வாசல்வரை வந்த ஜோசெத் காரணத்தைச் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் காலையில் எழுந்ததும் பாட்டிலைத் தேடுகிற மனுஷன் எமீல். வாரக்கணக்கில் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தியைக்கூடத் துடைத்து, அவரைக் குடியிலிருந்து மீட்டது அந்த ஃபாதர்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. இரும்புக் குண்டு உருட்டிப் பெத்தாங்க் ஆடுகிற இடத்தில் கூட்டாளிகள் கிளாசை நீட்டும்போது இவர் தலை நிமிர்ந்து வேண்டாம் என்பதைப் பார்க்கவே ஜோசெத் சில நாள் கூடப் போவாளாம்.

ஹேமலதா கடைக்குத் திரும்பி மவுஸ் விற்றாள்.

மறுநாள் காலை, கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எமீலோடு பெத்தாங்க் ஆடுகிற ஒருவர்கூடப் பிரிண்டருக்கு மை வாங்க வந்திருந்தார். எமீல் நுழைந்து, ராமலிங்கத்துக்கு எதிரே விறைப்பாக நின்றார்.

"அந்தப் பொண்ணு வேலையில குத்தம் இல்ல. நான்தான் கோஞாக் ஊத்திட்டேன்."

"என்னாது?"

"கோஞாக். குடிச்சுட்டு இருந்தேன், கை தவறி மெஷின்ல கொட்டிடுச்சு. ரெண்டு தடவையும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மை வாங்க வந்தவர் எமீலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். மத்தியானத்துக்குள் அந்தச் சேதி எங்கெல்லாம் போகும் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், எமீலுக்கும் தெரியும். ராமலிங்கம் உடனே நம்பிவிட்டார். சொல்தா குடித்தார் என்றால் இந்த ஊரில் யார்தான் சாட்சி கேட்பார்கள்?

"அப்புறம் நீ என்ன பண்ணுவ பாவம். போ, உள்ள போய் உக்காரு," என்றார் ஹேமலதாவைப் பார்த்து.

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நீளமான வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. சொன்னால் ஃபாதர் பெயர் வரும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். மேசை வேண்டும் என்பதுதான் காரணம். வெட்கமாக இருந்தது. இருந்தும் உள்ளே போய் உட்கார்ந்து, தெர்மோகோல் அட்டையை எடுத்தாள்.

எமீல் மேசை அருகே வந்து குனிந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"புதுப் போர்டு வந்ததும் மறுபடியும் மந்திரிக்கணும்மா. மூடி வெச்சே தெளிக்கச் சொல்றேன். உள்ள போவுமா?"

கடவுள், தீர்த்தம், ஊதுபத்தி எதிலும் ஹேமலதாவுக்கு நம்பிக்கை கிடையாது. அதையும் அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"போவும் முசியே," என்றாள். "நல்லா உள்ள போவும்."